பதில் சொல்லிக் கொடுத்தவர்

ஜெயபாரதி என்கிற பெண் அந்தப் பனியன் கம்பெனிக்குள் காலடி வைத்த திங்கட்கிழமை காலையில், முதலுதவிப் பெட்டிகளில் எல்லாம் புதுப் பஞ்சு இருந்தது. தையல் லைன்களுக்கு நடுவே ஓடும் மஞ்சள் கோட்டைப் புதுசாக அடித்திருந்தார்கள். அவசர வழியை வருஷம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடக்கும் அட்டைப் பெட்டிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. குழந்தைகள் காப்பகத்து மரக்குதிரையின் பிளாஸ்டிக் உறையைக் கூடக் கழற்றி, துடைத்து, அதன் மேல் ஒரு குழந்தையை ஏற்றி உட்கார வைத்தாகிவிட்டது. எல்லாம் ஜி.எம். நாச்சிமுத்துவின் ஏற்பாடு. பாவம், அந்தப் பெண் இதில் எதையும் பார்க்க வரவில்லை. அவள் பார்க்க வந்தது போனில் இருக்கிற ஒரு ஆப்பை.

நாச்சிமுத்துவைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியிலிருந்து ஒருத்தர் வந்து, தொழிலாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, கேள்வி கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு போகிறார் என்றால், திருப்பூரில் அதற்கு ஒரே பெயர்தான். ஆடிட். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆள் வருவார், பார்ப்பார், கேட்பார், டிக் அடிப்பார். டிக் விழுந்தால்தான் ஆர்டர். கட்டிங் டேபிளில் எடுபிடியாகச் சேர்ந்து ஜி.எம். நாற்காலி வரைக்கும் வந்த நாச்சிமுத்து, அவர் பொறுப்பெடுத்ததிலிருந்து ஒரு ஆடிட்டில் கூடக் கோட்டை விட்டதில்லை. சக கம்பெனி மேனேஜர்கள் அவரிடம் யோசனை கேட்டு வருவார்கள். "நாச்சிமுத்து இருக்கறான்னா நான் நிம்மதியா தூங்குவேன்" என்று முதலாளி திருமூர்த்தி நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை நாச்சிமுத்து நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் சம்பாதித்ததில் பெரிய சொத்து அதுதான்.

ஆப் விஷயம் இப்படி. முதலாளியின் மகன் தரணீதரன், சென்னையில் ஒரு ஆளைப் பிடித்து, தொழிலாளிகளுக்கென்று அதைச் செய்து வாங்கியிருந்தான். லீவு கேட்பது, சம்பளச் சீட்டு பார்ப்பது, குறை சொல்வது எல்லாம் அதிலேயே. "இனி யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம், ஒரு பட்டனை அமுக்கினால் போதும்" என்று கேண்டீன் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினான். எல்லாரும் போனில் ஏற்றிக்கொண்டார்கள். கொஞ்ச நாளைக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் பிரமாதம் என்கிறார்கள். பிரமாதமான சாமானை ஏன் ஒருத்தரும் தொடுவதில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டுதான், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு அவிநாசிக்கே திரும்பிவிட்ட ஜெயபாரதியை அவன் கூட்டிவந்தான். யூஎக்ஸ் டிசைனர் என்று அறிமுகம் செய்தான். ஒரு சாமானை மனுஷர்கள் எப்படிப் புழங்குகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அதற்குத் தக்கபடி சாமானை மாற்றுகிற வேலை. வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் அவள் அறிக்கை வைக்க வேண்டும்.

"நாச்சிமுத்து சார், பத்துப் பேரு வேணுங்க. சும்மா, யாரா இருந்தாலும் பரவால்ல" என்றாள்.

யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆடிட்டர்களும்தான் சொல்வார்கள். நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவரிடம் அதற்கென்றே ஒரு கோஷ்டி இருந்தது. சிங்கர் லைனில் தைக்கிற கருத்தம்மா அதன் தலைவி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரிலேயே வேரூன்றிவிட்டவள். எத்தனை மணிக்கு வேலை முடியும், மேஸ்திரி திட்டுவாரா, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று எதைக் கேட்டாலும், சுற்றி வளைத்துக் கேட்டாலும், கண் இமைக்காமல் பதில் சொல்வாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துப் படித்தவர்கள். ஒடிசாக்காரப் பெண் ஒருத்திக்குக் கூட அந்த ஐந்தாறு பதில்கள் சுத்தத் தமிழில் வரும்.

டிரெயினிங் ஹாலில் இரண்டு நாள் நடந்தது. ஜெயபாரதி போனைக் கையில் கொடுப்பாள். "இதுல நாளைக்கு லீவு கேட்டுப் பாருங்கக்கா. என்ன தோணுதோ வாய்விட்டுச் சொல்லுங்க. இது உங்களுக்கு வெக்கிற பரீட்சை இல்லீங்க, இந்த ஆப்புக்குத்தான் பரீட்சை" என்பாள். கருத்தம்மா போனை வாங்கி, பயபக்தியோடு பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்பாள். எங்கேயாவது கஷ்டமாக இருக்கிறதா? "கஷ்டமே இல்லைங்க. ஈசியா இருக்குங்க." மாற்றணும் என்றால் எதை மாற்றலாம்? "எதையும் மாத்த வேண்டாங்க. கம்பெனியில நல்லா பாத்துக்கிடுதாங்க." அடுத்தவள் வருவாள். நல்லா இருக்குங்க, ஈசியா இருக்குங்க, நல்லா பாத்துக்கறாங்க. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாச்சிமுத்துவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஒரு சொல் பிசகவில்லையே!

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெயபாரதி ஒரு காரியம் செய்தாள். கருத்தம்மாவை மறுபடி கூப்பிட்டாள். பைக்குள்ளிருந்து இன்னொரு போனை எடுத்துக் கொடுத்தாள். "இது புது டிசைன்க்கா. இந்த ஸ்கிரீன் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

கருத்தம்மா போனைப் பார்த்தாள். கதவோரம் நின்ற நாச்சிமுத்துவையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "ரொம்ப நல்லா இருக்குங்க. எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

ஜெயபாரதி நன்றி சொல்லி அவளை அனுப்பிவிட்டு, போனை நாச்சிமுத்துவிடம் நீட்டினாள். வெறும் கறுப்பாக இருந்தது. அவர் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"ஆஃப் பண்ணின போனுங்க சார் அது" என்றாள் அவள். கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் கூட அவருக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவள் குரலில் அலுப்புதான் இருந்தது.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா சார்?"

"பின்னே? சொல்லிக் குடுக்காம உட்டா கண்டதையும் ஒளறி வெச்சுருவாங்க கண்ணு."

"எனக்கு அந்த ஒளறல்தானுங்க சார் வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் குறை வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான். மறைக்கத் தெரிந்த மனுஷனிடம் வந்து, மறைக்காதே என்றால் அவர் எங்கே போவார்?

"வெள்ளிக்கிழமை நான் என்னங்க சார் சொல்றது?" என்றாள் ஜெயபாரதி. "எல்லாரும் நல்லா இருக்குன்னாங்கன்னு சொன்னா அது பொய்யி. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு சொன்னா, உங்க பேரு வரும். எனக்கு ரெண்டுமே பிடிக்கல."

உங்க பேரு வரும் என்றதும் நாச்சிமுத்துவுக்கு முதலாளி ஞாபகம்தான் வந்தது. பதில்களைச் சொல்லிக் கொடுக்கிற விஷயம் முதலாளிக்குத் தெரியாது. தெரியாது என்பதை விட, ஆடிட் பாஸ் ஆனது வரைக்கும் தெரிந்தால் போதும் என்று அவர் விட்டுவிட்டார். இப்போது இந்தப் பெண் முதலாளி அறை டி.வி.யில் போட்டு அதை விளக்கினால், நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொன்ன மனுஷர் என்ன சொல்வார்? இந்த வயசுக்கு மேல் வேறு கம்பெனியில் போய்க் கைகட்டி நிற்க முடியுமா? அதை விடுங்கள். அந்த மனுஷர் கண்ணை எப்படிப் பார்ப்பது?

"ரெண்டு நாள் டைம் குடுங்க அம்மணி. நானே அவங்கள உண்மையச் சொல்ல வெச்சுத் தர்றேன்" என்றார். சொல்ல வைப்பதில் அவர் கில்லாடி அல்லவா.

மறுநாள் டீ நேரத்தில் கோஷ்டியைப் பேக்கிங் செக்‌ஷனுக்குப் பின்னால் கூட்டினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் வட்டமாக நின்றார்கள். வழக்கமாக நிற்கிற இடம், வழக்கமாக நிற்கிற விதம்.

"இங்க பாருங்க. இந்தத் தடவை வேற மாதிரி. அந்தப் புள்ள கேட்டா உண்மையச் சொல்லிப்போடுங்க. பயப்படாதீங்க. நான் சொல்றேன், உண்மையே சொல்லலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கருத்தம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "சரிங்க சார். எந்த உண்மைன்னு நீங்க சொல்லித் தந்துட்டீங்கன்னா, இன்னைக்கே பாடம் பண்ணிக்கிடுதோம்."

நாச்சிமுத்து குபீரென்று சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கருத்தம்மா கேலி பேசவில்லை. அவள் முகத்தில் இருந்தது அக்கறை. சாரைத் தலைகுனிய விடக்கூடாதே என்கிற அக்கறை. ஒடிசாக்காரப் பெண் உதட்டை அசைத்து எதையோ ஒத்திகை பார்க்கத் தயாராக நின்றாள். நாச்சிமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அவருக்கு முதல் முறையாகத் தோன்றியது. டீயைக் குடிக்காமலேயே டம்ளரைக் கீழே வைத்தார்.

நேராக ஜெயபாரதியிடம் போனார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்து, "எனக்கு இதை எப்படிச் சரி பண்றதுன்னு தெரியலீங்க" என்றார்.

அவள் ஹாலில் கிடந்த நாற்காலியைக் காட்டினாள். "அவங்க உங்களப் பாத்துத்தானுங்க சார் பேசறாங்க. அப்ப நீங்க மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலியில. அவங்க பாக்கட்டும்."

ஜி.எம். அந்த நாற்காலியிலா! தையல்காரிகள் உட்கார்ந்து பதில் சொன்ன பிளாஸ்டிக் நாற்காலி அது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவர், வெள்ளிக்கிழமையை நினைத்துப் போய் உட்கார்ந்தார். கோஷ்டி சுவரோரம் வரிசையாக நின்றது. மூலையில் ஜெயபாரதியின் டேப்லட் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவரிடமும் முதலில் அனுமதி கேட்டுத்தான் அவள் அதை வைத்தாள்.

"சார், உங்க போனையே எடுங்க. கருத்தம்மாக்கா லீவு கேட்டிருக்காங்கன்னு வெச்சுக்குங்க. அதுக்கு நீங்க சரின்னு பதில் அனுப்போணும். அனுப்புங்க பாக்கலாம்."

நாச்சிமுத்து போனை எடுத்தார். ஆப்பைத் தேடினார். அது எந்த மூலையில் இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. திறந்தால் பாஸ்வேர்ட் கேட்டது. ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் சதீஷ்குமார் ஏற்றிக் கொடுத்தபோது ஏதோ போட்டான். பிறந்த தேதியைப் போட்டார். தப்பு என்றது. வண்டி நம்பரைப் போட்டார். அதற்கும் தப்பு என்றது. சுவரோரம் நின்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை.

"என்ன தோணுதுங்க சார்? வாய்விட்டுச் சொல்லுங்க" என்றாள் ஜெயபாரதி.

நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அந்தச் சொல் எத்தனை சௌகரியம் என்று சொல்லிக் கொடுத்தவருக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

"எனக்கு இது தெரியாதுங்க" என்றார். "நான் இதைத் தொறந்து பாத்ததே இல்லீங்க. சின்ன மொதலாளி தம்பி கேப்பாரேன்னு போனுல வெச்சிருக்கறேன். அவ்வளவுதான்."

பிறகு கருத்தம்மா, யாரும் கேட்காமலே, பேசினாள்.

"அப்போ நீங்க பாக்கவே இல்லையா சார்?"

"எதைம்மா?"

"நான் லீவு கேட்டுப் போட்டிருந்தேன் சார். போன வருசம், எம் மக செல்விக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு குடுக்கும்போது. தாயோ தகப்பனோ வந்து கையெழுத்துப் போடணும்னுட்டாங்க. அவ அப்பா கேரளாவுல வேலையில கெடந்தாரு. போஸ்டர்ல போட்டிருந்த மாதிரியே பட்டனை அமுக்குனேன். பதில் வரும், வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல."

"என்கிட்ட நேர்ல வந்து கேட்டிருக்கலாமேம்மா!"

"யாரையும் போய்ப் பாக்க வேண்டாம்னு போட்டிருந்துச்சே சார். அதுவும் ஷிப்மெண்ட் நேரம். நீங்க பாத்துட்டுத்தான் வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். வேண்டாம்னு சொன்ன பொறவும் வந்து நின்னா, உங்க முகம் மாறும். எனக்கு அதப் பாக்கப் பயம் சார்."

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "சீட்டு வேற பிள்ளைக்குப் போயிருச்சு. வீட்ல சும்மா இருப்பாளேன்னு உங்ககிட்ட கூட்டியாந்தேன். நீங்கதான் சார் இங்கயே செக்கிங் வேலையில சேத்து விட்டீங்க."

நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கருத்தம்மா இரண்டு கையையும் கூப்பி நின்றதும், தான் பெருந்தன்மையாகக் கையசைத்து, நாளைக்கே வரச்சொல் என்றதும். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதைப் பெருமையாக வீட்டில் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவருக்கு உடம்பு கூசியது. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தார். சொல்லியிருந்தாலும், "பரவால்லைங்க சார்" என்றுதான் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் பேசினார்கள். ஒருத்தி தானும் அமுக்கிப் பார்த்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி, குறை சொல்லும் பட்டனை அமுக்கினால் அது யார் கண்ணில் படும் என்று தெரியாமல் எப்படி அமுக்குவது என்று கேட்டாள். ஒடிசாக்காரப் பெண், பாடம் பண்ணாத தமிழில், தட்டுத்தடுமாறி, அந்த எழுத்து தனக்குப் படிக்கவே தெரியாது என்றாள். ஜெயபாரதி குறுக்கே பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எல்லாரும் போனபின் கருத்தம்மாவையும் நாச்சிமுத்துவையும் நிறுத்திக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை முதலாளிகிட்ட இதைப் போட்டுக் காட்டினா உபயோகமா இருக்கும். ஆனா இதுல முக்கியமா நீங்க ரெண்டு பேரும்தான் இருக்கீங்க. ரெண்டு பேரும் சரின்னாத்தான் போடுவேன். வேண்டாம்னா அழிச்சிடறேன்."

"சார் சொன்னா சரிங்க" என்றாள் கருத்தம்மா.

"என்னையக் கேக்காதே." நாச்சிமுத்துவின் குரல் அவருக்கே கடுமையாகப் பட்டது. தணித்துக்கொண்டார். "உன்ர புள்ள விசயம். நீ சொல்லு. என்ன சொன்னாலும் உன்ர வேலைக்கு ஒண்ணும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

இதற்குப் பதில் கருத்தம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "போடட்டும் சார்" என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது.

ஜெயபாரதி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் அழித்துவிடுவாள், ஆப்பில் இன்ன இன்ன கோளாறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். அவர் பேர் பத்திரமாக இருக்கும். நாச்சிமுத்து, "போடுங்க கண்ணு. வெட்டாம போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி அறையில், எப்போதும் கேமராப் படங்களைக் காட்டுகிற பெரிய டி.வி.யில் அந்தப் பதிவு ஓடியது. திருமூர்த்தி நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து பார்த்தார். தன் ஜி.எம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தேடுவதைப் பார்த்தார். கருத்தம்மா பேசுவதைப் பார்த்தார். தரணீதரன் தன் போஸ்டர் வாசகத்தை நினைத்தோ என்னவோ, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏப்பா நாச்சிமுத்து" என்றார் திருமூர்த்தி. "தெனமும் காலையில நான் உன்னையக் கேக்கறனல்ல, எல்லாம் எப்படிப் போகுதுன்னு?"

"ஆமாங்க."

"நீ என்ன சொல்லுவே?"

"நல்லா போகுதுங்கன்னு சொல்லுவனுங்க."

"ஏன் அப்படிச் சொன்னே?"

இதற்கு நாச்சிமுத்து ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தார். சென்னைக்காரன் செய்த ஆப் சரியில்லை, சதீஷ்குமார் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஷிப்மெண்ட் நெருக்கடி. வழியெல்லாம் வண்டியில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் வந்தது. இப்போதும் நாக்கு நுனியில் அச்சு பிசகாமல் இருந்தது. அதை விழுங்கினார்.

"வேற மாதிரி சொன்னா உங்க மொகம் மாறுமுங்க. எனக்கு அதைப் பாக்கப் பயமுங்க."

திருமூர்த்தியின் முகம் மாறியது. இத்தனை வருஷமும் எதைப் பார்த்துவிடக் கூடாது என்று நாச்சிமுத்து பார்த்துப் பார்த்து நடந்தாரோ, அது இதோ, மேஜைக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே. தரணீதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலாளி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். நாச்சிமுத்து பார்வையைத் தாழ்த்தவில்லை.

"இன்னும் இருக்குங்க" என்றார்.